சீனியாரிட்டி பறிபோன செனட்டர்

சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கேட்டு விண்ணப்பம் போடும் குமாஸ்தாவிடம் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "சொந்த வேண்டுகோளின் பேரில் மாற்றல் என்றால் சீனியாரிட்டி போய்விடும். புது இடத்தில் பட்டியலின் கடைசியில்தான் உங்கள் பெயர் இருக்கும். சம்மதமா?" வயதான தாய் தகப்பனை நினைத்துப் பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இருபது வருஷம் சர்வீஸ் போட்டவர், நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் கீழே உட்கார வேண்டியதாகிறது.

அமெரிக்க செனட் சபையில் 2009-ஆம் ஆண்டு ஒருவருக்கு இதே கதி நேர்ந்தது. அவர் குமாஸ்தா அல்ல. 28 ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சபையில் இருந்தவர். ஐந்து தேர்தல்களில் ஜெயித்தவர். சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளைக் கேள்வி கேட்கும் கமிட்டிக்குத் தலைவராக இருந்தவர். ஆறாவது முறை ஜெயிப்பதற்காக அவர் கட்சி மாறினார். ஜனாதிபதியே அவரைக் கை குலுக்கி வரவேற்றார். ஆனாலும் ஒரே வாரத்தில் கமிட்டிப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். அடுத்த ஆண்டு பதவியும் போயிற்று.

அவர் பெயர் ஆர்லன் ஸ்பெக்டர். பென்சில்வேனியா மாநிலத்தவர். பழுத்த அரசியல்வாதி ஒருவர் தேர்தலுக்கு முன் தன் பலத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார், அந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதற்கு அவருடைய கதை நல்ல பாடம்.

பழ வியாபாரியின் மகன்

ஸ்பெக்டரின் தகப்பனார் ரஷ்யப் பேரரசின் ஆளுகையில் இருந்த உக்ரைனிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா போன யூதர். தெருத் தெருவாகப் பழம் விற்றார். பிறகு பழைய இரும்புச் சாமான் கடை வைத்தார். முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படையில் சேர்ந்து காயமும் பட்டார். யுத்தத்தில் ஈடுபட்டவர்களுக்கு போனஸ் தருவதாக அரசாங்கம் வாக்களித்திருந்தது. 1932-இல் அதைக் கேட்டு ஆயிரக்கணக்கான முன்னாள் சிப்பாய்கள் வாஷிங்டனில் கூடியபோது ராணுவத்தை வைத்து அவர்களை விரட்டினார்கள். "என் தகப்பனாருக்குச் சேர வேண்டிய போனஸை வாங்கத்தான் நான் வாஷிங்டனுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்" என்ற பொருளில் ஸ்பெக்டர் பிற்காலத்தில் பலமுறை சொன்னதுண்டு.

1930-இல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த ஸ்பெக்டர், வக்கீல் படிப்பு முடித்து பிலடெல்பியா நகரத்தில் குடியேறினார். ஜனாதிபதி கென்னடியின் கொலையை விசாரித்த வாரன் கமிஷனில் இளம் வக்கீலாகப் பணியாற்றினார். ஒரே குண்டு கென்னடியையும், காரில் முன்னால் உட்கார்ந்திருந்த டெக்சாஸ் கவர்னரையும் துளைத்தது என்ற முடிவை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

முதல் கட்சி மாற்றமும் அந்தக் காலத்திலேயே நடந்துவிட்டது. அப்போது அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். 1965-இல் பிலடெல்பியா மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்குப் போட்டியிட விரும்பினார். சொந்தக் கட்சியில் இடமில்லை. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் சார்பில் நின்று, தன் பழைய மேலதிகாரியையே தோற்கடித்தார். ஜெயித்த பிறகு குடியரசுக் கட்சியிலேயே சேர்ந்துவிட்டார்.

அதன் பிறகு தோல்விகளையும் பார்த்தார். 1967-இல் மேயர் தேர்தல், 1973-இல் அரசு வழக்கறிஞர் தேர்தல், 1976-இல் செனட்டுக்கான கட்சிப் போட்டி, 1978-இல் கவர்னர் பதவிக்கான கட்சிப் போட்டி ஆகிய நான்கிலும் தோல்வி. வேறொருவராக இருந்தால் வக்கீல் தொழிலே போதும் என்று இருந்திருப்பார். ஸ்பெக்டர் விடவில்லை. 1980-இல், ரீகன் ஜனாதிபதியான அதே தேர்தலில், செனட்டரானார்.

இரு பக்கமும் வேண்டியவர்

அமெரிக்க செனட் நமது ராஜ்யசபை மாதிரி அல்ல. மாநிலம் சிறிதோ பெரிதோ, ஒவ்வொன்றுக்கும் 2 பேர். மொத்தம் 100 உறுப்பினர்கள். பதவிக்காலம் 6 ஆண்டுகள். எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை; மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மசோதாவை இழுத்தடிக்கும் பேச்சை முடிவுக்குக் கொண்டுவர 60 ஓட்டுகள் வேண்டும். ஆகவே நடுவில் நிற்கும் ஓரிரண்டு பேருக்குத் தனி மதிப்பு உண்டு. அந்த நடு இடத்தில் ஸ்பெக்டர் முப்பது வருஷம் நின்றார்.

1987-இல் ரீகன் சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமித்த ராபர்ட் போர்க்கை, சொந்தக் கட்சி ஜனாதிபதியின் ஆள் என்று பாராமல் எதிர்த்து ஓட்டளித்தார். வலதுசாரிகளுக்குக் கோபம். 1991-இல் கிளாரன்ஸ் தாமஸ் மீது அனிதா ஹில் புகார் கூறியபோது, அந்தப் பெண்மணியை ஸ்பெக்டர் குறுக்கு விசாரணை செய்த விதம் பெண்களுக்கு ஆத்திரமூட்டியது. மறு வருஷத் தேர்தலில் ஒரு பெண் வேட்பாளரிடம் தோற்கும் நிலைக்கு வந்து, மயிரிழையில் தப்பினார். 1999-இல் கிளிண்டன் மீதான பதவி நீக்க விசாரணையில் குற்றவாளி என்றும் சொல்லாமல் நிரபராதி என்றும் சொல்லாமல், ஸ்காட்லாந்துச் சட்டத்தில் உள்ளபடி "நிரூபிக்கப்படவில்லை" என்றார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அவரைக் கேலி செய்தவர்கள் இரு கட்சியிலும் இருந்தார்கள்.

ஆனால் இதே குணத்தால் நன்மையும் நடந்தது. சுகாதாரம், தொழிலாளர் நலம், கல்வி ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கும் துணைக் கமிட்டியில் அவரும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த டாம் ஹார்க்கினும் மாறி மாறித் தலைவர்களாக இருந்தார்கள். யார் தலைவரானாலும் வேலை ஒன்றாகவே நடந்தது. தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையங்களின் வரவு செலவு 1998 முதல் 2003 வரையிலான காலத்தில் இரட்டிப்பானதற்கு இவ்விருவரின் கூட்டு முக்கிய காரணம். ஸ்பெக்டருக்கே 2005-இல் புற்றுநோய் கண்டது. சிகிச்சையால் தலைமுடி உதிர்ந்த நிலையிலும் கமிட்டிக்குத் தலைமை வகித்தார்.

17,000 ஓட்டில் தப்பினார்

2004-இல் முதல் அபாய மணி அடித்தது. இங்கே நம் வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். நம் நாட்டில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி மேலிடம் தீர்மானிக்கும். டில்லியிலோ சென்னையிலோ தலைவர் வீட்டு வாசலில் காத்திருந்தால் டிக்கெட் கிடைக்கலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. பொதுத் தேர்தலுக்கு முன்பு கட்சிக்குள் ஒரு பூர்வாங்கத் தேர்தல் நடக்கும். பென்சில்வேனியாவில் அந்தந்தக் கட்சியில் பெயர் பதிவு செய்துகொண்ட வாக்காளர்கள் மட்டுமே அதில் ஓட்டுப் போடலாம். பதிவு செய்தவர்களிலும் எல்லாரும் வருவதில்லை. கொள்கைப் பற்று மிகுந்தவர்கள்தான் தவறாமல் வருவார்கள். பொதுமக்களில் பாதிக்கு மேல் ஒருவருக்கு ஆதரவாக இருந்தாலும், இந்தச் சிறு கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் கதை அங்கேயே முடிந்துவிடும்.

2004 ஏப்ரலில் பாட் டூமி என்ற கடும் வலதுசாரி எம்.பி. ஸ்பெக்டரைப் பூர்வாங்கத் தேர்தலில் எதிர்த்தார். அப்போது ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் புஷ் நேரில் வந்து ஸ்பெக்டருக்காகப் பிரசாரம் செய்தார். மாநிலத்தின் இன்னொரு செனட்டரான ரிக் சான்டோரமும் கை கொடுத்தார். இவ்வளவு இருந்தும், 10 லட்சத்துக்கு மேல் பதிவான ஓட்டில் ஸ்பெக்டர் சுமார் 17,000 வித்தியாசத்தில்தான் தப்பினார். நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலிலோ சிரமமில்லாமல் ஜெயித்தார். பொதுமக்களிடம் செல்வாக்கு, சொந்தக் கட்சிக்காரர்களிடம் அவநம்பிக்கை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஒரு ஓட்டு செய்த வேலை

2009 ஜனவரியில் ஒபாமா ஜனாதிபதியானார். பாங்குகள் கவிழ்ந்து, மாதந்தோறும் லட்சக்கணக்கானோர் வேலை இழந்துகொண்டிருந்த நேரம். 787 பில்லியன் டாலர் செலவில் பொருளாதார மீட்பு மசோதா வந்தது. குடியரசுக் கட்சி ஒட்டுமொத்தமாக எதிர்த்தது. மசோதா நிறைவேற 60 ஓட்டு வேண்டும். அந்தக் கட்சியிலிருந்து மூன்றே செனட்டர்கள் ஆதரவாக வந்தார்கள்: மெயின் மாநிலத்தின் இரு பெண்மணிகள், அவர்களோடு ஸ்பெக்டர். அதற்கு விலையாக அவர் கேட்டது, சுகாதார ஆராய்ச்சி நிலையங்களுக்கு 10 பில்லியன் டாலர். அதையும் பெற்றார். பிப்ரவரி 13-ஆம் தேதி, சரியாக 60 ஓட்டுகளுடன் மசோதா நிறைவேறியது.

சொந்தக் கட்சியில் கொந்தளிப்பு. டூமி மறுபடியும் களத்தில் குதித்தார். இதற்கிடையே ஸ்பெக்டரின் பழைய பலமும் கரைந்து போயிருந்தது. 2008-இல் ஒபாமா, ஹிலாரி போட்டியின்போது, ஸ்பெக்டரே சொன்ன கணக்குப்படி, பென்சில்வேனியாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குடியரசுக் கட்சியினர் தங்கள் பதிவை ஜனநாயகக் கட்சிக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மிதவாதிகள், ஸ்பெக்டரின் ஆட்கள். 17,000 ஓட்டில் பிழைத்தவருக்கு 2 லட்சம் பேர் போனால் என்ன மிச்சம்? 2009 மார்ச்சில் வெளியான ஒரு கருத்துக் கணிப்பு கட்சிக்காரர்களிடையே டூமிக்கு 41 சதவீதம், ஸ்பெக்டருக்கு 27 சதவீதம் என்று காட்டியது.

ரயில் சிநேகம்

பம்பாய் லோக்கலில் வருஷக்கணக்காக ஒரே பெட்டியில் போகிறவர்களுக்கு ரயில் சிநேகம் என்றால் என்னவென்று தெரியும். துணை ஜனாதிபதி ஜோ பைடனுக்கும் ஸ்பெக்டருக்கும் இடையில் இருந்ததும் அதுதான். பைடன் டெலவேர் மாநிலத்து வில்மிங்டன்காரர்; ஸ்பெக்டர் அதே ரயில் பாதையில் அடுத்துள்ள பிலடெல்பியாக்காரர். பல ஆண்டுகள் வாஷிங்டனிலிருந்து ஒரே ரயிலில் வீடு திரும்பியவர்கள். கட்சி வேறாயினும் நட்பு உண்டு. "எங்கள் பக்கம் வந்துவிடு" என்று பைடன் நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். இப்போது அழைப்பு பலித்தது.

2009 ஏப்ரல் 28-ஆம் தேதி ஸ்பெக்டர் ஜனநாயகக் கட்சியில் சேர்வதாக அறிவித்தார். முப்பது வருஷத்துப் பணியைக் குடியரசுக் கட்சியின் பூர்வாங்க வாக்காளர்களுடைய தீர்ப்புக்கு விட விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். மறுநாள் ஒபாமாவும் பைடனும் அவரைப் பக்கத்தில் நிறுத்திப் பாராட்டினார்கள். பென்சில்வேனியா கவர்னர் எட் ரென்டெல் அவருக்குப் பழைய சகா. மேலிடத்துக் கூட்டணி இதைவிடப் பலமாக அமைய முடியாது.

ஆனால் மே 5-ஆம் தேதியே முதல் அடி விழுந்தது. இத்தனை வருஷ சீனியாரிட்டி தொடரும் என்று செனட் தலைவர் வாக்களித்ததாக ஸ்பெக்டர் நினைத்திருந்தார். கட்சியின் மற்ற செனட்டர்கள் ஒப்பவில்லை. காத்திருந்த தங்களை மீறி நேற்று வந்தவர் மேலே ஏறுவதா? கமிட்டிகளில் அவர் பெயர் ஜனநாயகக் கட்சியினரின் வரிசையில் கடைசிக்குப் போயிற்று. நீதித்துறைக் கமிட்டியில் எதிர்க்கட்சி வரிசையின் முதல் ஆளாக இருந்தவர், ஆளுங்கட்சி வரிசையின் கடைசி ஆளானார். சமாதானத்துக்கு ஒரு துணைக் கமிட்டித் தலைமையைக் கொடுத்தார்கள்.

அறுபதாவது கை

இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் அந்தக் கட்சி மாற்றத்தால் நடந்த ஒரு காரியத்தை மறக்க முடியாது. 2009 ஜூலையில் மினசோட்டாவின் தேர்தல் தகராறு தீர்ந்து அல் பிராங்கென் பதவி ஏற்றபோது, ஸ்பெக்டரையும் சேர்த்து ஆளும் தரப்புக்கு 60 பேர் ஆனார்கள். அந்த அறுபது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆகஸ்டில் எட்வர்டு கென்னடி இறந்தார். அவர் இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவர் வந்தார். 2010 ஜனவரியில் நடந்த இடைத் தேர்தலில் அந்த இடத்தை எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது.

இடையில் கிடைத்த சில மாதங்களில்தான், 2009 டிசம்பர் 24-ஆம் தேதி காலையில், மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டில் நிறைவேறியது. ஆதரவு 60, எதிர்ப்பு 39. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு கை கூட உயரவில்லை. ஏற்கெனவே நோய் உள்ளவர் என்று காரணம் காட்டிக் காப்பீட்டுக் கம்பெனிகள் மறுக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் முக்கிய அம்சங்களில் ஒன்று. புற்றுநோயோடு போராடிய ஸ்பெக்டரின் கை அன்று உயராமல் இருந்திருந்தால், அந்த மசோதா அந்த வடிவில் தேறியிருக்காது.

விளம்பரம் வந்தது

ஆனால் ஓட்டுப் போடுகிறவர்கள் இதற்காக மட்டும் மனம் மாறிவிடுவதில்லை. ஜனநாயகக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் ஜோ செஸ்டாக் என்பவர் ஸ்பெக்டரை எதிர்த்தார். கடற்படையில் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றவர். பிலடெல்பியாவின் புறநகர்ப் பகுதி எம்.பி. அவரை விலகச் செய்ய வெள்ளை மாளிகை முயன்றது. முன்னாள் ஜனாதிபதி கிளிண்டன் மூலமாக ஒரு ஆலோசனைக் குழுவில் இடம் தருவதாகத் தூது போயிற்று. செஸ்டாக் மறுத்துவிட்டார்.

மேலே பார்த்தால் எல்லாம் ஸ்பெக்டர் பக்கம். ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, கவர்னர், மாநிலக் கட்சிக் கமிட்டி, தொழிற்சங்கத் தலைமை என எல்லாரும் ஆதரவு. கருத்துக் கணிப்புகளிலும் நெடுநாள் முன்னணி. கீழே பார்த்தால் வேறு காட்சி. முப்பது வருஷமாக எந்த ஸ்பெக்டரைத் தோற்கடிக்க வீடு வீடாக ஏறி இறங்கினார்களோ, அதே ஸ்பெக்டருக்காக இப்போது ஏறி இறங்கச் சொன்னால் தொண்டனுக்குக் கால் வருமா?

2010 மே மாதத் தொடக்கத்தில் செஸ்டாக் ஒரு டெலிவிஷன் விளம்பரம் வெளியிட்டார். அதில் புஷ், ஸ்பெக்டரை நம்பலாம் என்று பழைய மேடையில் சொல்கிறார். பிறகு ஸ்பெக்டரே தோன்றி, கட்சி மாறினால் மறுபடி ஜெயிக்க முடியும் என்கிறார். அவர் ஒரு வேலையைக் காப்பாற்றத்தான் கட்சி மாறினார். அது உங்கள் வேலை அல்ல, அவருடைய வேலை என்று விளம்பரம் முடிகிறது. லட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற மாநிலத்தில் இந்த வாக்கியம் ஆணியடித்தது போல இறங்கியது.

சோதனை அதோடு நிற்கவில்லை. மே 10-ஆம் தேதி எலினா கேகனை ஒபாமா சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமித்தார். அதே கேகனை அரசின் தலைமை வழக்காடும் பதவிக்கு நியமித்தபோது, முந்திய மார்ச்சில், குடியரசுக் கட்சிக்காரராக இருந்த ஸ்பெக்டர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். இப்போது என்ன சொல்வது?

மே 18-ஆம் தேதி வாக்குப் பதிவு. அன்று ஒபாமா பக்கத்து மாநிலமான ஒஹையோவில் ஒரு தொழிற்சாலையைப் பார்க்கப் போயிருந்தார், பென்சில்வேனியாவில் இறங்கவில்லை. செஸ்டாக் சுமார் 54 சதவீதம், ஸ்பெக்டர் 46. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக முடிந்தது.

நமக்கு என்ன பாடம்?

கட்சித் தாவல் நமக்குப் புதிதல்ல. 1967-இல் ஹரியானாவின் கயா லால் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறி, "ஆயா ராம், கயா ராம்" என்ற சொல்லையே தேசத்துக்குத் தந்தார். 1985-இல் அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தம் வந்தது. கட்சி மாறுகிறவர் பதவி இழப்பார் என்று ஆயிற்று. அதற்கும் சந்து பொந்து கண்டுபிடித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஸ்பெக்டர் ஒரு நாள் கூடப் பதவியை இழக்காமல் கட்சி மாறினார். ஆனால் பதின்மூன்று மாதத்துக்குள் வாக்காளர்களே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள்.

அவர் செய்த கணக்கில் தலைவர்கள் எல்லாரும் இருந்தார்கள், தொண்டர்கள் இல்லை. தலைவர்களோடு செய்துகொள்ளும் உடன்பாடு ஒரு நாளில் முடிந்துவிடும். தெருக்கோடியில் ஓட்டு கேட்கிறவனின் நம்பிக்கை ஒரு நாளில் வராது. அதைத் தலைவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

செஸ்டாக்கும் செனட்டுக்குப் போகவில்லை. 2010 நவம்பரில் டூமி அவரைச் சிறு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்த டூமியே 2021-இல் டிரம்ப்புக்கு எதிராக ஓட்டளித்த ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவரானார். மாவட்டக் கட்சிக் கமிட்டிகளின் கண்டனத்துக்கும் ஆளானார். 2022 தேர்தலில் அவர் நிற்கவில்லை. அந்த இடத்தை ஜனநாயகக் கட்சி பிடித்தது.

ஸ்பெக்டர் 2012 அக்டோபர் 14-ஆம் தேதி, 82-வது வயதில் புற்றுநோயால் காலமானார். இறுதிச் சடங்கில் பேசியவர்களில் அந்தப் பழைய ரயில் சிநேகிதர் பைடனும் ஒருவர்.

பதவிக்காகத்தான் அவர் மாறினார். அதை அவரே மறைக்கவில்லை. ஆனால் அப்படி மாறியதால்தான் டிசம்பர் 24-ஆம் தேதி அறுபது கைகள் உயர்ந்தன. மாற்றல் கேட்டு வந்த மனிதர் சீனியாரிட்டியை இழந்தார், நாற்காலியையும் இழந்தார். புது ஆபீஸில் அவர் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு பைல் மட்டும் நின்றுவிட்டது.